காலை எட்டு மணி ரத்தம்

இருபத்திரண்டு வருடமாக நான் ஊர்க்காரர்களின் கையில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில் பழைய பேருந்து நிலையத்துக்கு அடுத்த தெருவில், மாடியில் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிடுவேன். நரம்பே தெரியாத பருமனான கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். இதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் கல்யாணமாகி இருபது வருடம் வரைக்கும் என் கணவர் ஒரு தடவைகூட ரத்தம் எடுக்க என்னிடம் கையை நீட்டியதில்லை. சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால்கூட துறைமுக ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார். பெண்டாட்டி ஊசியோடு எதிரில் நிற்பது அவருக்கு என்னவோ போல இருக்கும்.

அவர் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். வெளியிலிருந்து வரும் பெரிய கப்பல்களை முட்டித் தள்ளியும் இழுத்தும் தளத்தில் கொண்டு நிறுத்துகிற அந்தச் சின்னக் கப்பலுக்குள், சூட்டிலும் சத்தத்திலும் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த உடம்பு. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கடற்கரைச் சாலையில் இருக்கும் ஜிம்முக்குப் பத்து வருடமாகப் போய்வருகிறார். அங்கே இருக்கும் இரும்பெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று வாரத்துக்கு ஒரு நாள் ஆளுக்கொரு துணியோடு உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அந்த நாளை மட்டும் அவர் தவறவிட்டதே இல்லை.

ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், ஆறு மணி இருக்கும், ஜிம் பனியனோடு எங்கள் லேபின் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தது.

“எடுத்துரு,” என்றார்.

“யாரு எழுதுனது?”

“கோச்.”

“கோச் எப்ப டாக்டர் ஆனாரு?”

“ஏளா, நீ எடுக்கியா, நான் வேற லேபுக்குப் போகட்டா?”

வேறு இடத்துக்குப் போவதைவிட என்னிடமே கொடுக்கட்டும் என்று எடுத்தேன். எடுக்கும்போதே எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் எடுக்கிற ரத்தம் அதற்கு உதவாது என்று. அந்த ஹார்மோன் காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடும். முந்தின ராத்திரி முழுக்க அவருக்கு டியூட்டி. பகலில் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி கையை நீட்டியிருந்தார். முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

ஏன் வந்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு வருடமாகவே அவர் ஆள் மாறியிருந்தார். வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். நாகர்கோவிலில் படிக்கிற எங்கள் மகள் போன் பண்ணினால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். ஜிம்மில் முன்பு தூக்கிய எடையைத் தூக்க முடியவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததும் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருமே அதை வயசின் மேல் போட்டுவிட்டு இருந்தோம்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. முந்நூறுக்குக் கீழே போனால் குறைவு என்று எங்கள் தாளிலேயே அச்சடித்திருக்கும். வீட்டில் காப்பி கொடுத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத வேற யாரு பாத்தா?”

“நானும், கையெழுத்துப் போடுத எங்க டாக்டரும். வேற யாரும் இல்ல.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “கோச் சொல்லுதான், இருநூறுக்குக் கீழ இருந்தா ஊசி போட்டே ஆகணுமாம். ஒருத்தர் கொண்டு வந்து தாராராம்.”

“இந்த ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் செய்யக் கூடாது. தூங்காம, சாயங்காலம் எடுத்த ரத்தம் இது. ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டு, காலையில எட்டு மணிக்கு, வெறும் வயித்துல வாங்க. அப்புறம் டாக்டரப் பாப்போம். ஊசி வேண்டாம்னு நான் சொல்லல. சரியாப் பாத்துட்டுச் செய்யுங்கன்னு சொல்லுதேன்.”

“நீ படிச்சத என்கிட்ட காட்டாத,” என்றார். ஆனால் அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். அன்றைக்கு வந்தது இருநூற்று நாற்பத்தாறு. முன்னதைவிடக் கொஞ்சம் மேல், ஆனாலும் குறைவுதான். அவர் சந்தேகப்பட்டது பொய்யில்லை. அதை நான் அவரிடம் சொன்னேன். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. தான் சோம்பேறியாகிவிட்டோமோ என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் வருந்தியிருக்கிறார்.

ஹார்மோன் டாக்டர் ஒரு பெண், எங்கள் இருவரையும்விட இளையவர். அறைக்குள் போனதும் என் கணவர் எதிர்ச்சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, காலையில் எழும்போது உடம்பு எப்படி இருக்கிறது, ஆசை எப்போதிலிருந்து குறைந்தது. மழை பெய்ததா என்று கேட்பது போலக் கேட்டார். அவரும் முதல் இரண்டு கேள்விக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவதிலிருந்து தானே சொல்ல ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லாததை டாக்டரிடம் என் முன்னாலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருக்க எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது போலவும் இருந்தது.

“வெறும் நம்பருக்கு நான் மருந்து கொடுக்க மாட்டேன் சார்,” என்றார் டாக்டர். “உங்களுக்கு நம்பரும் குறைவா இருக்கு, தொந்தரவும் இருக்கு. அதனால மருந்து தேவைப்படலாம். ஆனா ஏன் குறைஞ்சதுன்னு பாக்காம ஆரம்பிச்சா, காரணம் அப்படியே உள்ள இருக்கும். தொப்பை, குறட்டை, ராத்திரி வேலை, இது மூணுமே இதைக் குறைக்கும். எனக்கு நாலு மாசம் கொடுங்க.”

“நாலு மாசமா,” என்றார் என் கணவர்.

“மருந்து ஆரம்பிச்சா உங்க உடம்பு தானாச் சுரக்கிறதை நிறுத்திக்கும். வேண்டாம்னு நிறுத்தினா, திரும்பச் சுரக்க நாளாகும். குழந்தை வேணும்னு இருக்கிறவங்களுக்கு இதைக் கொடுக்கவே யோசிப்போம். அதனாலதான் அவசரப்படலை.”

“குழந்தை போதும் டாக்டர். ஒண்ணு காலேஜ் படிக்கி.”

டாக்டர் சிரித்துவிட்டு, மூளைக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் பார்க்கும் பரிசோதனை, புரோஸ்டேட் பரிசோதனை, தூக்கப் பரிசோதனை எல்லாவற்றையும் எழுதினார். சுரப்பியில் கோளாறு இல்லை. தூக்கத்தில் மூச்சுத் தடை லேசாக இருந்தது. எடை குறைத்தாலே சரியாகிவிடும் என்றார்.

அந்த நாலு மாதத்தை நான் மறக்க மாட்டேன். பொரித்த பரோட்டாவை விட்டார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் அதை விடுவது என்றால் என்னவென்று இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மேலதிகாரியிடம் போய் ராத்திரி டியூட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன், வாய் திறந்து கேட்டார். தினமும் காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தோம். எட்டு கிலோ குறைந்தது. குறட்டை பாதியாகக் குறைந்து, நானும் தூங்க ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சோர்வு முழுசாகப் போகவில்லை. அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு காரணம் ஜிம்மில் அவருடைய கூட்டாளி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், என் கணவரைவிட இரண்டு வயது மூத்தவர். நாங்கள் இருவருமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காரும் குடும்பம். அந்த நாலு மாதத்தில் அண்ணாச்சியின் தோளும் மார்பும் சட்டைக்குள் அடங்காமல் வளர்ந்திருந்தன. முகம் எந்நேரமும் சிவந்து இருந்தது. நன்றாக இருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு நாள் காலையில் அண்ணாச்சி எங்கள் மாடிக்கு வந்தார். வேலை இடத்தில் வருடாவருடம் எடுக்கச் சொல்லும் சாதாரணப் பரிசோதனைக்குத்தான் வந்தார். ரத்தம் எடுக்கும்போதே குழாயில் அது இறங்கிய விதமும் நிறமும் எனக்குப் பிடிக்கவில்லை. மெஷினில் போட்டபோது பி.சி.வி. ஐம்பத்தெட்டு என்று வந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று காட்டும் கணக்கு அது. ஆணுக்கு ஐம்பது வரை போகலாம். அதற்கு மேலே ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுபடியும் ஓட்டினேன். ஐம்பத்தெட்டேதான்.

எங்கள் டாக்டரிடம் காட்டினேன். “ஆளைக் கூப்பிட்டு இன்னைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லும்மா,” என்றார். நான் போன் பண்ணினேன்.

“அண்ணாச்சி, லேப்ல இருந்து பேசுதேன். ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கு. இன்னைக்கே ஒரு டாக்டரப் பாருங்க.”

“கெட்டியா இருந்தா நல்லதுதான தங்கச்சி. உடற்பயிற்சி செய்யுத உடம்பு.”

“ஊசி எதும் போடுதியளா அண்ணாச்சி?”

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எவன் சொன்னான்? கோச்சா?”

“யாரும் சொல்லல. இந்த மாதிரி ரத்தத்த நான் முந்தியும் பாத்திருக்கேன்.”

“யார்ட்டயும் சொல்லிராத. உன் வீட்டுக்காரன்ட்டயும் இந்த ரத்த விஷயத்தச் சொல்லாத.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க டாக்டரப் பாருங்க.”

“பாக்கேன், பாக்கேன்,” என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே என் கணவர் ஜிம்மிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடி சொன்னார். “நான் முடிவு பண்ணிட்டேன். அண்ணாச்சி ஆறு மாசமாப் போடுதாராம். இன்னைக்குத்தான் என்கிட்ட சொன்னார். ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி இருக்கார். எனக்கும் ஒரு குப்பி வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்கார்.”

ஐம்பத்தெட்டு என்ற ஒரு வார்த்தை போதும், அவர் அந்தக் குப்பியைத் தொட மாட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது என் கணவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லாத வார்த்தை. எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் தங்கள் ரத்தத்தோடு தங்கள் ரகசியத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களின் ரிப்போர்ட்டும், ஊர்ப் பெரிய மனிதர்களின் ரிப்போர்ட்டும் இந்தக் கைகளில்தான் போயிருக்கின்றன. ஒன்றுகூட வெளியே போனதில்லை. வீட்டுக்காரருக்காக அதை உடைத்தால், நாளைக்கு வேறு யாருக்காகவோ உடைப்பேன்.

“நாலு மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு,” என்றேன். “மூணாவது ரத்தம் எடுப்போம். அது வந்த பிறகு டாக்டர் முன்னால உக்காந்து, என்ன வேணும்னாலும் கேளுங்க. அவங்க தர மாட்டேன்னு சொல்லல. பன்னெண்டு நாள் எனக்காகப் பொறுங்க.”

“அண்ணாச்சி போடுதத நான் போடக் கூடாதா?”

“அவிய உடம்பு வேற, உங்க உடம்பு வேற.”

கோபத்தோடு சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் பொறுத்தார். அதை அவருடைய கணக்கில்தான் எழுத வேண்டும்.

மறுநாள் காலை லேபுக்குப் போனதும் முதல் வேலையாக அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். டாக்டரைப் பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லை, நாளைக்குப் போகிறேன் என்றார். எங்கள் டாக்டர் கேட்கச் சொல்லியிருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

“மூச்சு வாங்குதா அண்ணாச்சி?”

“இல்ல.”

“நெஞ்சு வலி, கண்ணு இருட்டுதது?”

“அதெல்லாம் இல்ல தங்கச்சி. கெண்டைக்கால்தான் நாலு நாளா வலிக்கி. வீங்கியும் இருக்கு. ஸ்குவாட் கூடுதலாப் போட்டுட்டேன்.”

“ரெண்டு காலும் வலிக்கா?”

“இடது கால் மட்டும்தான்.”

“அண்ணாச்சி, எடையோட உக்காந்து எந்திரிச்சா ரெண்டு காலும்தான வலிக்கணும்?”

அவர் கிரேன் மேலே இருந்துதான் பேசுகிறார் என்று இரைச்சலிலேயே தெரிந்தது.

“நீங்க இப்பவே கீழ இறங்குங்க. காலத் தேய்க்காதிய, எண்ணெய் போட்டு உருவாதிய. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க வீட்டுல நான் சொல்ல முடியாது, எனக்கு அந்த உரிமை இல்ல. அதனால நீங்கதான் போகணும். போய்ச் சேர்ந்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. அது வரைக்கும் நான் அடுத்த சாம்பிளத் தொட மாட்டேன்.”

கடைசியாகச் சொன்னது பொய். அடுத்தடுத்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. பேசியது அவர் மனைவி. ஸ்கேனில் காலில் பெரிய ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்திருப்பது தெரிந்தது, உள்ளே சேர்த்துவிட்டார்கள், அது நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளையே கொண்டுபோயிருக்கும் என்றார்களாம். நான் போனைக் கையில் வைத்தபடி கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றேன். அடுத்து வந்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவினேன்.

மூன்றாம் நாள் என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசல்படியில் நின்றார்.

“ஏளா, உனக்கு முந்தியே தெரியுமாம்ல.”

“தெரியும்.”

“நான் குப்பி வாங்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கே தெரியுமா?”

“அன்னைக்குக் காலையிலயே தெரியும்.”

அவர் முகம் இருண்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா? நான் உன் புருஷன்.”

“நெறையத் தோணுச்சு. ஆனா அது அண்ணாச்சி ரத்தம்.” கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தேன். “உங்க ரிப்போர்ட் வந்த வாரம் உங்க தங்கச்சி எனக்குப் போன் போட்டா. அண்ணனுக்கு என்னமும் சீக்கான்னு கேட்டு அழுதா. அவகிட்டயும் நான் சொல்லல.”

அவர் உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலியில் கை வைத்தார். இருபது வருடத்தில் மீன் ஆய உட்கார்ந்ததில்லை. பாதி மீனைத் தலையோடு வாலையும் கிள்ளிப் போட்டுக் கெடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்தபடியே, “நல்ல வேலைதான் பாத்திருக்க,” என்றார். மெடல் குத்தியிருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

மூன்றாவது ரத்தத்தையும் காலை எட்டு மணிக்கு நானே எடுத்தேன். இருநூற்று எழுபத்தொன்று. எடை குறைத்ததற்கும் தூங்கியதற்கும் உடம்பு பதில் சொல்லியிருந்தது. ஆனாலும் எல்லைக்கு மேலே வரவில்லை. சோர்வும் இருந்தது. இந்த முறை டாக்டர் அறையில் அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். இன்ஜின் அறையில் எந்த வால்வு எப்படி இருக்கிறது என்று எழுதுவது போன்ற எழுத்து.

“கிரேன் அண்ணாச்சிக்கு வந்தது எனக்கும் வருமா?” என்று முதலில் கேட்டார்.

“அவர் எவ்வளவு போட்டார், உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. உங்களுக்கு நான் கொடுக்கப்போறது, குறைஞ்சிருக்கிறதை சாதாரண அளவுக்குக் கொண்டு வர மட்டும்தான். அதுலயும் ரத்தம் கெட்டியாகலாம். அதனால மூணு மாசத்துல பாப்போம், அப்புறமும் பாத்துக்கிட்டே இருப்போம். கூடினா குறைப்பேன், இல்லைன்னா நிறுத்துவேன்.”

“நெஞ்சுக்கு?”

“உங்களுக்கு இதய நோய் இல்லை. இருந்தா வேற மாதிரி யோசிப்பேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரி நான் பேச மாட்டேன் சார், இருபது வருஷம் போட்டா என்ன ஆகும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு வருஷம் பாப்போம். உங்களுக்குப் பலன் தெரியலைன்னா நிறுத்திடலாம்.”

“எடை கூடுதலாத் தூக்க முடியுமா?”

“கொஞ்சம் முடியலாம். அதுக்காகன்னா வேண்டாம்.”

அவர் தாளை மடித்தார். என் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்லுத?” என்றார்.

“எனக்குப் பயமாத்தான் இருக்கு,” என்றேன். “ஆனா ஒழுங்காப் பாத்துட்டு வந்திருக்கோம். உங்க உடம்பு, நீங்க சொல்லுங்க. கண்காணிக்கிற வேலைய நான் பாத்துக்கிடுதேன்.”

ஆரம்பிக்கலாம் என்றார். ஊசி வேண்டாமென்று, தோளில் தடவும் ஜெல்லைக் கேட்டார். தினமும் குளித்துவிட்டுத் தடவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அது காய்ந்த பிறகு சட்டை போட வேண்டும். அது என் மேல் படக்கூடாது, பெண்களுக்கு ஆகாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அதிலிருந்து காலையில் அவர் தோளில் கை வைக்க எனக்குத் தடை. “ஒதுங்கு, ஒதுங்கு,” என்று கையை விரித்துக்கொண்டு அவர் அறைக்குள் நடப்பதைப் பார்த்து நான் சிரிக்க, அவரும் சிரிப்பார். எங்கள் வீட்டில் காலையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டாவது மாதக் கடைசியில்தான் வித்தியாசம் தெரிந்தது. மகளோடு போனில் அரை மணி நேரம் பேசினார். நாற்காலித் தூக்கம் போனது. எங்களுக்குள் நின்றுபோயிருந்ததும் திரும்பி வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மகள் என்னோடு பேச மாட்டாள். ஜிம்மில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கினார், அவ்வளவுதான். மூன்றாவது மாதம் பி.சி.வி. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. நான் அன்றைக்கே டாக்டருக்குச் சொன்னேன். அளவைக் குறைத்தார். அடுத்த பரிசோதனையில் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. அளவைக் குறைத்ததற்கு என் கணவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதிகம் வேண்டும் என்று கேட்காத அந்த மனுஷனைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. இரும்புக்கு எண்ணெய் போடும் நாள் ஒன்றில், ஜிம்மில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் தன் ரிப்போர்ட்டுகளை எடுத்து நடுவில் வைத்திருக்கிறார். “யாரு பாத்தா” என்று என்னிடம் கேட்டாரே, அதே மனுஷன்தான். “எனக்குக் கொறவா இருந்துச்சு. மூணு தடவ பாத்து, டாக்டர் சொன்ன பிறகு மருந்து தடவுதேன். இது ஆம்பளத்தனத்துக்குப் போடுத மார்க் இல்ல, சர்க்கரை மாதிரி ஒண்ணு. சந்தேகம் இருந்தா காலையில போய்ப் பாருங்க. குப்பி வாங்கிப் போடாதிய,” என்றிருக்கிறார். கோச் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தனக்கும் ஒழுங்காகத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டாராம். அன்றைக்கு அங்கே இருந்த அண்ணாச்சிதான் எனக்கு இதையெல்லாம் சொன்னார். இவர் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஜிம்மிலிருந்து பலர் வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவு சரியாகவே இருந்தது. சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் சிலருக்கு ஏமாற்றம்கூட. இரண்டு பேருக்குக் குறைவாக இருந்து டாக்டரிடம் போனார்கள். ஒருவர் எடை குறைத்ததிலேயே சரியாகிவிட்டார். மற்றவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி ஊசியை விட்டு ஒன்றரை வருடமாகிறது. விட்ட புதிதில் சில மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டார். உடம்பு தானாகச் சுரக்க மறந்துபோயிருந்தது. சோர்ந்து, எரிச்சல்பட்டு, வீட்டில் சண்டை போட்டார். அப்போதும் என் கணவர்தான் தினமும் போய் அவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது தேறிவிட்டார். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “எழுது தங்கச்சி. அந்த இடது காலு விஷயத்த மறக்காம எழுது,” என்றார்.

என் கணவருக்கு இப்போது ஐம்பது. டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிந்து, நிறுத்திப் பார்க்கலாமா என்று பேசி, இன்னும் ஒரு வருடம் அதே குறைந்த அளவில் போகலாம் என்று முடிவெடுத்தோம். அந்தப் பேச்சின்போது டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு மாதவிடாய் நிற்கப்போகிற வயசு, எலும்புக்கு நல்லது, நீங்கள் ஏன் எடை தூக்கக் கூடாது என்று கேட்டார். ஜிம்மில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் லீவு நாளில் போக ஆரம்பித்தேன். முதல் நாள் வெறும் கம்பியைத் தூக்கவே மூச்சு வாங்கியது. போன வாரம் தரையிலிருந்து நாற்பது கிலோ தூக்கி நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் போட்டோ எடுத்தாள். முகம் கோணி, தலைமுடி கலைந்து, பார்க்கச் சகிக்காத போட்டோ. அதை அவருக்கு அனுப்பினேன். இழுவைக் கப்பலில் தன்னோடு வேலை பார்க்கிற எல்லாருக்கும் அவர் அதைக் காட்டியிருக்கிறார்.